நீர்க்கடுப்புக்கு மாத்திரை மட்டும் போதுமா?

வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிற வியாதி ஒன்றைப் பற்றி இம்முறை எழுதுகிறேன். பெண்கள் அதை "உடம்புச் சூடு" என்பார்கள். ஆண்கள் "கடுப்பு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். தோட்ட மருந்தறைக்கு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, குரலைத் தாழ்த்தி, "ஐயா, ஒண்ணுக்குப் போனா எரியுது. போன தடவை ஒரு மாத்திரை குடுத்தீங்களே, அது இருக்கா?" என்று கேட்பார்கள்.

போன தடவை கொடுத்த மாத்திரை! அந்த மாத்திரை இந்தத் தடவை கேட்காமல் போகலாம் என்பதுதான் இன்றைய விஷயம். முன்பெல்லாம் இரண்டாம் நாளே எரிச்சல் நின்றுவிடும். இப்போது அதே மாத்திரையைத் தின்று முடித்துவிட்டு, காய்ச்சலும் இடுப்பு வலியுமாகத் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்காட்டில் கக்கூசும் இல்லை, போதுமான குடிதண்ணீரும் இல்லை என்ற குறையை மாத்திரையைக் கொண்டு மூடும் பழக்கம் வெகுநாளாக நடந்து வருகிறது. மூடுகிற துணியே கிழிந்துகொண்டு வரும்போது, குறையை நேராகப் பேசித்தான் ஆக வேண்டும். சம்பளத்துக்கும் போனசுக்கும் வாதாடுகிற சங்கம் இதற்கும் வாதாட வேண்டும்.

இது என்ன வியாதி? நம் குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன. அவற்றில் ஒன்று ஈ.கோலை. குடலில் இருக்கும்வரை அது பெரும்பாலும் சாது. அதுவே மலவாய்ப் பக்கமிருந்து நகர்ந்து மூத்திரத் துவாரத்தின் வழியாக மூத்திரப்பைக்குள் ஏறிவிட்டால் எரிச்சல், அடிக்கடி போகவேண்டும் என்ற அவசரம், சொட்டுச் சொட்டாகப் போவது, அடிவயிற்று வலி எல்லாம் வரும். ஊரில், வீட்டில் வருகிற நீர்க்கடுப்பில் பெரும்பகுதிக்கு இந்த ஒரே கிருமிதான் காரணம். பெண்களுக்கு மூத்திரக் குழாய் நீளம் குறைவு, ஏறக்குறைய ஒன்றரை அங்குலம்தான். ஆகவே கிருமிக்கு வழி சுலபம். இதற்கும் நடத்தைக்கும் முடிச்சுப் போடுகிற பேச்சை லயத்துப் பெரியவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளவேண்டும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பல பெண்கள் வியாதி முற்றும்வரை வாய் திறப்பதில்லை.

மூத்திரப்பையில் ஏறிய கிருமியை அடித்து வெளியேற்ற இயற்கை வைத்த வழி ஒன்று உண்டு. நிறையத் தண்ணீர் குடித்து, நேரத்துக்கு நேரம் மூத்திரம் போவது. இனி நம் பெண்களின் ஒரு நாளைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, பெரட்டுக்குப் போய், லோரி ஏறி வெளிக்காட்டுக்குப் போகிறார்கள். மருந்தடிப்பு, உரம் போடுதல், உதிரிப்பழம் பொறுக்குதல் என்று பகல் ஒரு மணி, இரண்டு மணிவரை வேலை. அங்கே செம்பனை நிரைதான் இருக்கிறது, கதவு போட்ட இடம் கிடையாது. ஆண்பிள்ளை ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுகொள்வான். பெண் என்ன செய்வாள்? பாம்பு இருக்கிறது, மண்டோர் வருகிறார், பக்கத்து நிரையில் வேறு ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஆகவே அவள் ஒரு தந்திரம் கற்றுக்கொண்டாள். தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் ஒரு கோப்பை தேத்தண்ணீர், அதோடு வீடு திரும்பும்வரை வாய் நனைவதில்லை. வேர்வையில் போகிற தண்ணீர் போக மிச்சம் உள்ளது கெட்டியாகி மூத்திரப்பையில் தேங்கிக் கிடக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் நின்றால் பாசி பிடிக்காதா?

தண்ணீர் குடித்தால் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 2018ல் அமெரிக்க மருத்துவ சஞ்சிகை ஒன்றில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை பல்கேரியாவில் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பேரை வழக்கத்துக்கு மேல் தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மற்றப் பாதிப் பேர் வழக்கம்போல் இருந்தார்கள். ஒரு வருஷத்தில் வழக்கம்போல் இருந்தவர்களுக்குச் சராசரி 3.2 தடவை கடுப்பு வந்தது. தண்ணீர் குடித்தவர்களுக்கு 1.7 தடவை. ஏறக்குறைய பாதி! மாத்திரைச் செலவும் அதற்கேற்பக் குறைந்தது. சாதாரணத் தண்ணீர் செய்த வேலை இது. ஆனால் அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் கக்கூசு இருந்திருக்கும் என்பதை மறந்துவிடக்கூடாது. கக்கூசு இல்லாத காட்டில் நிற்பவளிடம் "நிறையத் தண்ணி குடிம்மா" என்று புத்தி சொல்வது கேலி செய்வதற்குச் சமம்.

இனி மருந்தின் கதைக்கு வருவோம்.

அலெக்சாண்டர் பிளெமிங் 1928ல் பென்சிலினைக் கண்டார். 1945ல் அதற்காக நோபல் பரிசு வாங்கிய மேடையிலேயே ஓர் எச்சரிக்கையும் செய்தார். தொண்டை வலிக்கு ஒருவன் தானாகவே கடையில் மருந்து வாங்கி, போதாத அளவில் தின்கிறான், கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகுகிறது, அந்தக் கிருமி அவன் மனைவிக்குத் தொற்றுகிறது, அவளுக்கு அதே மருந்து கேட்காமல் அவள் சாகிறாள் என்று ஒரு கற்பனைக் குடும்பத்தை உதாரணம் காட்டினார். எண்பது வருஷத்துக்கு முன் சொன்னது. இன்று நம் லயத்தில், தாமானில், அடுக்குமாடியில் கற்பனை இல்லாமலேயே நடக்கிறது.

1961ல் ஆம்பிசிலின் வந்தது. அறுபதுகளின் கடைசியில் கோட்ரிமாக்சசோல் வந்தது. "பாக்டிரிம்" என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் நீர்க்கடுப்புக்கு இவை இரண்டும்தான் கை கொடுத்தன. நிலைமை இப்போது எப்படி? மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டிலுள்ள ஆஸ்பத்திரிகளின் பரிசோதனைக்கூடங்களிலிருந்து கணக்கு வாங்கி, எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கிறது என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. அந்தக் கணக்கில் ஈ.கோலை கிருமிகளில் பாதிக்கு மேல் ஆம்பிசிலினுக்கு அடங்குவதில்லை. கோட்ரிமாக்சசோலுக்கு ஏறத்தாழ பத்தில் நான்கு அடங்குவதில்லை. இது ஆஸ்பத்திரிக் கணக்கு, முற்றிய நோயாளிகள் அதிகம் சேர்ந்த கணக்கு என்பது உண்மை. முதல் தடவையாகக் கடுப்பு வந்த இளம்பெண்ணுக்கு நிலைமை இவ்வளவு மோசமாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிற மருந்தாக இவை இனி இல்லை.

உலகக் கணக்கையும் ஒரு வரியில் சொல்லி விடுகிறேன். மருந்துக்கு அடங்காத கிருமிகளால் மட்டும் 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக 2022ல் "லான்செட்" மருத்துவ சஞ்சிகை கணக்கிட்டது. அந்தச் சாவுப் பட்டியலில் முதலிடம் இதே ஈ.கோலைக்குத்தான்.

கிருமி எப்படி மருந்துக்குப் பழகுகிறது? மனிதன் சாராயத்துக்குப் பழகுவது போல் உடம்பு பழகுவதல்ல. பலர் அப்படி நினைத்துக்கொண்டு, "நான் மாத்திரையே திங்கறதில்லே, எனக்கு எப்படி வரும்?" என்கிறார்கள். பழகுவது உங்கள் உடம்பல்ல, கிருமி. நல்ல தீனி கிடைத்தால் ஒரு கிருமி இருபது நிமிஷத்தில் இரண்டாகும். இப்படிப் பெருகும்போது எங்கோ ஒன்றுக்கு மருந்தைத் தாங்கும் சக்தி அமைந்துவிடுகிறது. மருந்து மற்றவற்றைக் கொன்று அந்த ஒன்றுக்கு இடம் விட்டுக் கொடுக்கிறது. அதோடு விட்டதா? தாங்கும் வித்தையை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்குக் கைமாற்றாகவும் கொடுக்கிறது. ஆகவே கணவன் தின்ற மருந்தின் பலனை மனைவி அனுபவிக்கலாம். பாட்டி தின்றதைப் பேரன் அனுபவிக்கலாம். ஒரே சட்டி, ஒரே கக்கூசு, ஒரே கை.

பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. நீர்க்கடுப்புக் கிருமியைக் கெடுப்பது நீர்க்கடுப்பு மருந்து மட்டுமல்ல. சளிக்கும் இருமலுக்கும் தின்கிற அண்டிபயோட்டிக்தான் பெரிய குற்றவாளி. சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரசால் வருவது, அண்டிபயோட்டிக் அதைத் தொடக்கூடத் தொடாது. மருந்து தொண்டையில் ஒன்றும் செய்யாவிட்டாலும் குடல் வழியே போகும்போது அங்கே சாதுவாக இருக்கும் ஈ.கோலைக்குப் பாடம் நடத்திவிட்டுப் போகிறது. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று 2010ல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வந்தது. நீர்க்கடுப்புக்கு ஆளானவர்களில், அண்டிபயோட்டிக் தின்று இரண்டு மாதத்துக்குள் இருப்பவர்களிடம் மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு. ஒரு வருஷம் வரையிலும் அந்தப் பாதிப்பின் மிச்சம் தெரிந்தது. தீபாவளிக்கு முன் தொண்டை கட்டியதற்குத் தின்ற அமாக்சிசிலின், பொங்கலுக்குப் பிறகு வருகிற கடுப்பில் வந்து நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நம்மவர் பழக்கம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிளினிக்குக்கு ஐம்பது, அறுபது வெள்ளி கொடுத்துப் போனால் மூன்று நான்கு பொட்டலம் வாங்காமல் வர மனசு ஒப்புவதில்லை. "அண்டிபயோட்டிக் வேண்டாம், ரெண்டு நாள் ஓய்வு எடுங்க" என்று சொல்கிற டாக்டர் நம்மிடம் நல்ல பெயர் வாங்குவதில்லை. "அவரு ஒண்ணுமே குடுக்கலே" என்கிறோம். நம் நாட்டில் கிளினிக் டாக்டரே மருந்தையும் விற்கிறார். அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. அடுத்த தெருக் கிளினிக்குக்கு நாம் போய்விடுவோம் என்ற பயமும் இருக்கிறது. ஆகவே பொட்டலம் கூடுகிறது. பழியை முழுவதும் டாக்டர் மேல் போட நான் தயாரில்லை. கேட்டு வாங்குகிறவன் நாம்.

அப்புறம் மாத்திரைப் பரிமாற்றம். கிள்ளானில் அக்காள் வீட்டில் மிஞ்சிய பத்து மாத்திரை காப்பார் தோட்டத்துக்கு வரும். பிரிக்பீல்ட்ஸில் தங்கச்சி கொடுத்தது என்று பெயரில்லாத பிளாஸ்டிக் பையில் மஞ்சள் கேப்சூல் வரும். சாமான் கடன் வாங்கலாம், சர்க்கரை கடன் வாங்கலாம், இதைக் கடன் வாங்கக்கூடாது. 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்படி இந்நாட்டில் அண்டிபயோட்டிக் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பொருள். கடைக்காரருக்குச் சட்டம் இருக்கிறது, அக்காள் தங்கைக்கு இல்லை.

தமிழ்நாட்டுக்குப் போய் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திரும்பி வரும்போது பெட்டியில் சேலைக்கு நடுவே மருந்து அட்டைகளும் வருகின்றன. அங்கே விலை மலிவு, கேட்டதும் கிடைக்கும் என்ற நினைப்பு. அங்குள்ள டாக்டர்களே இதைப் பார்த்துத்தான் பயந்தார்கள். 2010ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, கடைசி ஆயுதமாக வைத்திருந்த ஊசி மருந்துக்கும் அடங்காத கிருமிகள் சென்னையிலும் ஹரியானாவிலும் இருப்பதைக் காட்டியது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. 2012ல் அந்நாட்டு மருத்துவ சங்கங்கள் சென்னையில் கூடி, இதைத் தடுக்க "சென்னைப் பிரகடனம்" என்று ஒன்றைச் செய்தன. 2014 மார்ச் முதல் இந்திய அரசு பல அண்டிபயோட்டிக் மருந்துகளைத் தனிப் பட்டியலில் போட்டு, கடைக்காரர் சீட்டு விவரத்தைப் பதிந்து வைக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. பயணமே கூடக் கிருமியைக் கொண்டு வரும். நெதர்லாந்திலிருந்து வெளிநாடு போய் வந்த ஏறத்தாழ 2,000 பேரைச் சோதித்து 2017ல் வெளியிட்ட கணக்கில், தென்னாசியாவுக்குப் போனவர்களில் நாலில் மூன்று பேர் மருந்துக்கு அடங்காத குடல் கிருமியோடு திரும்பினார்கள். அவர்கள் நோயாளிகள் அல்ல, சுகமாகத்தான் இருந்தார்கள். ஊருக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். வந்த சில மாதத்துக்குள் நீர்க்கடுப்பு வந்தால், "போன மாசம் ஊருக்குப் போய் வந்தேன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அது அவருக்கு மருந்து தேர்ந்தெடுக்க உதவும்.

சரி, கடுப்பு வந்துவிட்டது. என்ன செய்வது?

காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவிலோ இடுப்பிலோ வலி, வாந்தி, மூத்திரத்தில் ரத்தம் இருந்தால் தாமதிக்கக் கூடாது. கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், இனிப்புநீர் உள்ளவர்கள் ஆகியோருக்கும் அப்படியே, இலேசான கடுப்பானாலும் டாக்டர் பார்க்க வேண்டும். ஆண்களுக்குக் கடுப்பு வருவது பெண்களை விடக் குறைவு. வந்தால் கல்லோ, வயதானவர்களுக்குச் சுக்கிலச் சுரப்பி வீக்கமோ பின்னால் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சீழ் போல் ஒழுகினால் அது வேறு வியாதி, அதற்கு வேறு மருந்து. வெட்கப்பட்டு மறைத்தால் மனைவிக்கும் சேரும்.

இனிப்புநீரைப் பற்றித் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 31.4. மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். இனிப்புநீர் உடம்பில் நீர்க்கடுப்பு சீக்கிரம் வரும், சீக்கிரம் முற்றும். இந்த நாட்டில் இந்த வியாதி நம் வீட்டு விஷயம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அடிக்கடி வருகிறவர்களும், ஒரு மருந்து தின்று கேட்காதவர்களும் மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே மூத்திரத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் கொடுக்கவேண்டும். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று இரண்டு மூன்று நாளில் சீட்டு வரும். முதலில் வருவதைக் கீழே விட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான போத்தலில் பிடிக்க வேண்டும். நேற்று ராத்திரி பிடித்து ஜன்னலில் வைத்ததைக் காலையில் கொண்டு வந்தால் போத்தலுக்குள்ளேயே கிருமி பெருகிப் பொய்யான முடிவு வரும். இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டு வாருங்கள், முடியாவிட்டால் ஐஸ்பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வாருங்கள். சீட்டில் "இ.எஸ்.பி.எல்." என்று எழுதியிருந்தால், வழக்கமான பல மருந்துகளைக் கரைத்துவிடும் வித்தையைக் கற்ற கிருமி என்று அர்த்தம். அந்தச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். அடையாளக் கார்டோடு வைத்துக்கொண்டு, அடுத்த தடவை எந்த டாக்டரிடம் போனாலும் காட்டுங்கள். அப்படிப்பட்ட கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் பெரும்பாலும் வார்டில் படுத்து ஊசி மருந்து ஏற்றவேண்டி வரும். ஒரு வாரச் சம்பளம் போகும், பிள்ளைகளைப் பார்க்க ஆள் தேடவேண்டும்.

எரிச்சல் இல்லாமல், சும்மா சோதித்ததில் "கிருமி இருக்கிறது" என்று வந்தால்? கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுக்கவேண்டும். மற்றப் பெரும்பாலோருக்கு ஒன்றும் வேண்டியதில்லை. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. "கிருமி இருக்குதுன்னு சொல்லிட்டு மருந்து குடுக்காம அனுப்புறீங்களே" என்று சண்டைக்கு வருவார்கள். வயதானவர்கள் பலருடைய மூத்திரப்பையில் கிருமி சும்மா குடியிருக்கும். அதை மருந்து கொண்டு துரத்தினால் சாது போய் முரடன் வந்து உட்காருவான்.

மருந்தைப் பற்றியும் கொஞ்சம். சாதாரண மூத்திரப்பைக் கடுப்புக்கு சுகாதார அமைச்சின் தேசிய வழிகாட்டி முன்னால் வைக்கும் மருந்துகளில் நைட்ரோபுரன்டோயின் முக்கியமானது. 1953லிருந்து இருக்கும் பழைய மருந்து. புது மருந்துகள் தோற்ற இடத்தில் இந்தக் கிழவன் இன்னும் நிற்கிறான். ஈ.கோலையில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இதற்கு இன்னும் அடங்குகிறது. இது மூத்திரத்தில்தான் போய்ச் சேரும், ரத்தத்தில் தங்காது. ஆகவே சிறுநீரகத்தில் ஏறிய காய்ச்சலுக்கு உதவாது. மூத்திரம் கடும் மஞ்சளாய், சில சமயம் பழுப்பாய்ப் போனால் பயப்பட வேண்டாம். பிறந்தபோது "ஜி சிக்ஸ் பி.டி. குறைவு" என்று சொல்லப்பட்டவர்கள் இதைத் தின்னக்கூடாது, ரத்தச் சிவப்பணு உடையும். பிள்ளை பெறும் நாள் நெருங்கியவர்களுக்கும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் ஆகாது. கடையில் விற்கும் எரிச்சல் தணிக்கும் தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பவர்கள், இந்த மருந்தோடு அதைச் சேர்க்குமுன் கேட்டுக்கொள்ளவேண்டும். தூள் மூத்திரத்தின் புளிப்பை மாற்றி மருந்தின் வேகத்தைக் குறைக்கும்.

சிப்ரோபுளாக்சசின் 1987ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், "பெரிய மருந்து" என்று. குதிகால் நரம்பு நாணைப் பலவீனப்படுத்தி அறுந்து போகச் செய்யக்கூடும் என்று 2008லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. 2016ல், வேறு மருந்து இருக்கும்போது சாதாரண நீர்க்கடுப்புக்கு இதைக் கொடுக்கவேண்டாம் என்றும் சொன்னது. நீளக் கம்பில் அரிவாள் கட்டி அண்ணாந்து நின்று குலை வெட்டுகிற ஆளுக்குக் குதிகால் நாண் அறுந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பெரிய மருந்தைப் பெரிய வியாதிக்கு வையுங்கள்.

எத்தனை நாள் தின்பது? டாக்டர் எழுதிய நாள் வரை. எரிச்சல் நின்றதும் மூன்றாம் வேளையோடு நிறுத்தி மிச்சத்தைப் பத்திரப்படுத்துவது தவறு. அதேபோல், "இன்னும் ரெண்டு நாள் சேர்த்துத் தின்னா நல்லா பலமா கேக்கும்" என்பதும் தவறு. சாதாரணக் கடுப்புக்கு மருந்தைப் பொறுத்து மூன்றிலிருந்து ஏழு நாள் போதும் என்பதே இப்போதைய வைத்தியம். பார்லித் தண்ணீர், இளநீர், வெந்தயம் ஊறிய தண்ணீர் எல்லாம் குடிக்கலாம். அவை தண்ணீர் என்ற அளவில் நல்லவை. கிருமியைக் கொல்லும் என்று நம்பிக் காய்ச்சலோடு படுத்துக் கிடக்காதீர்கள். சீனி போட்ட பார்லியை இனிப்புநீர்க்காரர்கள் தொடவே வேண்டாம்.

இவ்வளவும் மருந்தறைக்குள் நடக்கவேண்டிய காரியம். வெளியே நடக்கவேண்டியதைச் சொல்லுமுன், நம் கிள்ளானின் பழைய கதை ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது.

1901ல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளான் மாவட்டத்துக்கு வந்தார். அதே வருஷம் திறந்த துறைமுகம், இன்றைய கிள்ளான் துறைமுகம், மலேரியாவால் மூடவேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. அக்காலத்து வைத்தியம் கொய்னா. பெரட்டில் வரிசையாய் நிறுத்திக் கசப்பு மருந்தை வாயில் ஊற்றிய கதையைத் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வாட்சன் கொய்னாவோடு நிற்கவில்லை. சதுப்பை வடிக்கச் சொன்னார், புதரை வெட்டச் சொன்னார், அரசாங்கத்தைச் செலவு செய்ய வைத்தார். கொசு வளர இடம் இல்லாமல் போனது. ஓரிரு ஆண்டிலேயே கிள்ளானிலும் துறைமுகத்திலும் மலேரியாச் சாவு வெகுவாகக் குறைந்தது. பிற்பாடு கொய்னாவுக்குப் பதில் வந்த குளோரோகுவினுக்கு 1960களில் இந்நாட்டு மலேரியாக் கிருமியே அடங்காமல் போனது. மருந்து தோற்றது, வெட்டிய வாய்க்கால் தோற்கவில்லை.

நீர்க்கடுப்புக்கும் ஒரு வாய்க்கால் வெட்டவேண்டும் என்பதுதான் என் வாதம். 1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வேலை செய்யும் இடத்தில் தொழிலாளியின் நலனுக்குப் போதிய வசதி செய்வது முதலாளியின் கடமை என்கிறது. வேலையிடம் என்றால் ஆபீசும் பாலைக்கூடமும் மட்டுமா? இருபதாம் நம்பர் வெளிக்காடும் வேலையிடம்தான். "காட்டுல யாரு கக்கூசு கட்டுவாங்க?" என்று நிர்வாகத்தார் சிரிக்கலாம். கட்டச் சொல்லவில்லையே. லோரியில் ஏற்றி இறக்கும் கூடாரக் கக்கூசு இருக்கிறது, கட்டுமான வேலையிடங்களில் பிளாஸ்டிக் கக்கூசு நிற்பதை நெடுஞ்சாலையில் போகும்போது பார்க்கிறோம். மருந்தடிக்கத் தண்ணீர்த் தொட்டி காட்டுக்குள் போகிறது. குடிதண்ணீர்த் தொட்டி மட்டும் போக வழியில்லையா? மருந்தடிக்கிறவர்கள் ஒதுங்குவதற்கு முன்பு கை கழுவ சவர்க்காரமும் தண்ணீரும் தனியாக வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்குப் போய்விட்ட நம் குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஷா ஆலாம், கிள்ளான் தொழிற்சாலை வரிசையில் நிற்கும் பெண் சூப்பர்வைசரிடம் கை தூக்கி அனுமதி கேட்டுத்தான் கக்கூசுக்குப் போகிறாள். பாதுகாவலர் கூண்டில் பன்னிரண்டு மணி நேரம் உட்காருகிறவருக்கும் இதே தொல்லை. நம்மோடு வேலை செய்யும் பங்களாதேசி, இந்தோனேசியத் தொழிலாளர்களை மறப்பதும் தகாது. குடிமகன் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்து டாக்டரைப் பார்க்கலாம். அவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு. ஆகவே மிச்ச மாத்திரையைத் தேடுகிறார்கள். அவர்கள் குடலில் பழகிய கிருமி கடவுச்சீட்டு பார்த்துத் தொற்றுவதில்லை.

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன் உங்கள் தோட்டத்தில் எத்தனை வேலைக்காடு, அவற்றில் எத்தனைக்குக் குடிதண்ணீர் போகிறது, எத்தனையில் பெண்கள் ஒதுங்கக் கதவுள்ள இடம் இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எண்ணி எழுதுங்கள். இதைப் பெண்களைக் கொண்டு எண்ணச் சொல்லுங்கள். ஆண்கள் எண்ணினால் எல்லா மரமும் கக்கூசாகிவிடும். காட்டுக்கும் அருகில் உள்ள கக்கூசுக்கும் நடந்து போய் வர எத்தனை நிமிஷம் என்பதையும் எழுதுங்கள். போய் வருகிற நேரத்துக்குக் கூலியில் பிடித்தம் உண்டா என்பதையும் கேட்டு எழுதுங்கள். அந்தக் காகிதத்தை நிர்வாகியிடம் ஒரு பிரதியும் சங்கத் தலைமையகத்துக்கு ஒரு பிரதியும் கொடுத்துவிட்டு, பதிலைத் தேதி போட்டு எழுத்தில் வாங்குங்கள்.